எதிர்ப்பக்கத்துப் படிப்பு

முதல் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரமே நான் மக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். முடிவு கட்டியவர் எங்கள் டீச்சரம்மா. சிராங்கூன் ரோட்டில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த அந்த ஓரறைத் தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் எல்லாம். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பேன். பிடுங்கி நேராக வைத்தால் ஊமையாகிவிடுவேன். சிலேட்டில் எழுதச் சொன்னால் எழுத்தும் தலைகீழாகத்தான் வரும். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கோ, இவர்கள் எல்லோருக்கும் கண்ணில் என்ன கோளாறு என்று எரிச்சல்.

விஷயம் இதுதான். வீட்டில் இருந்தது ஒரே புத்தகம், அது அண்ணனுடையது. தினமும் காலையில் கடைவீட்டு வாசலில், கடைகளை ஒட்டிக் கூரையோடு ஓடும் அஞ்சடி நடையில், ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் அதை விரித்துவைத்து உரக்கப் படிப்பான். பெட்டிக்கு எதிர்ப்பக்கம் நான், மடியில் தம்பியோடு. அவன் விரல் ஓடிய இடமெல்லாம் என் கண்ணும் ஓடியது. முழுப் புத்தகமும் எனக்கு வாசிக்க வந்துவிட்டது. அதை டீச்சரம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எழுத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு என்றே தெரியாதவள் எதைச் சொல்வது?

அப்பா மாட்டுவண்டி வைத்துத் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு மூட்டை அடித்துக்கொண்டிருந்தவர். டீச்சரம்மா சொல்லி அனுப்பியதைக் கேட்டதும், "வெள்ளிக்கெழம வரைக்கும் போவட்டும். அப்பவும் மண்டையில ஏறலன்னா வீட்டுல தம்பியப் பாத்துக்கட்டும்" என்றார். எனக்கோ பள்ளிக்கூடம் ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே மடியில் யாரையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சரம்மாவுக்கு இருமல். வழக்கம்போல் என்னைத் தண்டனையாகத் தன் மேசைக்கு எதிரே நிற்க வைத்திருந்தார். மேசையில் புத்தகத்தை விரித்துப் பாடம் வாசித்தவர் பாதி வரியில் இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவே இல்லை. அந்தரத்தில் தொங்கிய வரியை என்னால் பொறுக்க முடியவில்லை. மீதியை நான் வாசித்தேன். அடுத்த வரியையும் வாசித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைத் திருப்பினார். வாசித்தேன். புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். வாயடைத்துப் போனேன். மறுபடி தன் பக்கமாகத் திருப்பினார். மடமடவென்று வாசித்தேன். டீச்சரம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அடிப் பாவிப் பொண்ணே! மூணு வாரமா இத வச்சிக்கிட்டா முழிச்சிக்கிட்டு நின்னே?"

பிறகு புத்தகத்தை என் நெஞ்சோடு சேர்த்து, வகுப்பைப் பார்க்கும்படி பிடிக்கச் சொன்னார். நான் மேலிருந்து குனிந்து வாசித்தேன். பக்கம் அவர்களுக்கு நேராக இருந்தது, எனக்கு வேண்டியபடியும் இருந்தது. அவர் தொண்டை தேறும்வரை, அடுத்த வாரம் முழுக்க, முதல் வகுப்புக்கு நானே டீச்சரம்மா. என்னைப் பார்த்து அதிகம் சிரித்தவளைக் காரணமே இல்லாமல் இரண்டு தடவை எழுந்து நிற்கச் சொன்னேன். அந்த மாதிரி ஓர் ஆனந்தத்தை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததே இல்லை. அப்பா வண்டிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு என்னை எதிரே நிறுத்தி வாசிக்கச் சொன்னார். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பேச்சே அப்புறம் எழவில்லை.

நாளடைவில் நேராகப் படிக்கவும் பழகினேன். அடுத்த வருஷம், புது இரண்டாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்த அன்றே அதைத் தரையில் விரித்து, கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேகவேகமாக வாசித்தேன். எதிரே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நடுவுல ஒரு வரிய வுட்டுட்டியே" என்றாள்.

பார்த்தால், ஆமாம், விட்டிருந்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எந்தக் காகிதத்திலும் அவள் கைநாட்டுத்தான் வைப்பாள். மாட்டிக்கொண்ட எரிச்சலில் அந்த வரியைக் கத்தி வாசித்துவிட்டு மேலே போனேன். அவள் யாருக்கு எதிரே உட்கார்ந்து, யாரை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.