மாரிமுத்து பரீட்சைக்கு வந்த வழி

செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பியூன் வாசலில் நின்று, “மாரிமுத்து சார் போயிட்டாருங்க. ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்திருக்கு” என்றான். போட்ட கணக்கைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிட்டேன். ரங்கூனில் அவரை ஆங்கில வாத்தியாராக அறிந்தவர்கள் பலர். கூடப் படித்த உரிமையில் நான் ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

அவன் அம்மா முனிசிபல் தோட்டி. துரைப் பிள்ளைகளின் பள்ளியில் மலவாளி எடுக்க அவருக்கு வழி உண்டு; மகன் உட்கார அங்கே இடமில்லை. எங்கள் பள்ளியில் சேர்த்தார். விளையாட்டாக வாளியைத் தொட்டதற்கு ஒருமுறை அவனை அறைந்தாராம்.

மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு முதல் நாள் அவர்கள் குடியிருப்பில் ஒருவருக்குப் பிளேக் கண்டது. எதிரே துரை பங்களாவின் பட்லருக்கும் அதே காய்ச்சல்தான். ஆனால் மூங்கில் தட்டி கட்டிப் போலீஸ் நின்றது கூலிகளின் வீடுகளைச் சுற்றி மட்டும். தோட்டிகள் தவிர யாரும் வெளியே போகக்கூடாது. துரை வீட்டு வாளி நிறைந்துவிடுமே.

காலையில் அம்மா, தோட்டி என்று காட்ட முனிசிபாலிட்டி கொடுத்த தன் பித்தளை வில்லையை அவன் கழுத்தில் மாட்டி, மலவாளியை முன்னால் வைத்தார்.

“தூக்குடா. இதத் தூக்கிட்டுப் போறவன் மூஞ்சிய எந்தத் தொரையும் பாக்கமாட்டான்.”

“தொடக்கூடாதுன்னு நீதானம்மா சொன்னே?”

“இன்னிக்கி நான்தான் சொல்றேன். போ.”

பேனாவும் ஹால் டிக்கெட்டும் இடுப்பில். தட்டி வாசலில் சார்ஜண்ட் பிரம்பால் மறித்தான். வில்லையைத் திருப்பிப் பார்த்தான். அதில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. அகப்பட்டால் மகனுக்குப் பரீட்சை போகும், அம்மாவுக்கு வேலை போகும். சார்ஜண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஜல்தி, ஜல்தி” என்று பிரம்பை விலக்கினான்.

வாளியை ஓரமாக வைத்துவிட்டுத் தெருக்குழாயில் குளித்து, ஈர வேட்டியோடு, மணி அடித்தபின் ஓடிவந்தான். என் பெஞ்சில்தான் அவன் இடம். குளித்தும் வாடை போகவில்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய், வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவன் நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தான். வந்த வழியைப் பிறகுதான் சொன்னான். முன்பே தெரிந்திருந்தாலும் இடம் மாறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

தேறினான். வாத்தியாரானான். நானும் அதே பள்ளியில் சேர்ந்தேன். இத்தனை வருஷம் பக்கத்து வகுப்பில் இருந்தும் அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில்தான், “அன்னிக்கி நான் எந்திரிச்சுப் போயிட்டேன்டா” என்றேன்.

“தெரியும். நல்லதாப் போச்சு, காலை நீட்டி உக்காந்து எழுதினேன்” என்று சிரித்தான்.

சார்ஜண்டுக்கு அவன் வெறும் எண். எனக்கு அவன் பெயர் தெரியும். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இருக்கவும் வேண்டாம்.