நாற்காலியின் நடை

அவளுடைய பெயர் ஓட்டலின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி சமையல்காரரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் நாலாம் மாடியக்கா. பத்தொன்பது வருஷம் ஒரே மாடி, பதினாறு அறை. மற்ற பணிப்பெண்கள் மாடி மாறினார்கள், வேலை மாறினார்கள், இரண்டு பேர் புருஷனையே மாற்றினார்கள். அக்கா மட்டும் அடித்து வைத்த ஆணி மாதிரி அங்கேயே இருந்தாள். கண்ணாடியை நேரே நின்று பார்த்தால் கறை தெரியாது, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். சொன்னபடி செய்யாவிட்டால் காது கிழியத் திட்டுவாள்.

அவளுக்கும் ஒரு புருஷன் இருந்தான். ஒருநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் சொன்னது மொத்தமே ஒரு வரி: "நல்ல பெட்டி. அதையும் எடுத்துட்டுப் போயிட்டான்." இப்படிப் பேசுகிறவளை இனி யார் ஏமாற்ற முடியும் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். வெளியாள் யாராலும் முடியாது, அதுவும் உண்மைதான்.

மூன்று வருஷத்துக்கு முன் வலது இடுப்பு மூட்டு தேயத் தொடங்கியது. அறுவை சிகிச்சை செய்து மாற்ற வேண்டும், காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டேன் என்றார் மருத்துவர். பட்டியல் ஆமை வேகத்தில் நகர்ந்தது. இங்கே ஓட்டலிலோ ஒரு விதி. ஒரு பணிப்பெண் படியில் உருண்டு விழுந்த பிறகு போட்ட விதி அது: நடையில் தடுமாற்றம் இருப்பவர்களுக்கு மாடியில் வேலை கிடையாது, அடித்தளத்தில் துணி மடிக்கிற அறைக்குப் போய்விட வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. வேலை ஒன்றும் மோசமில்லை, உட்கார்ந்துகொண்டே செய்யலாம். ஆனால் அங்கே போன யாரும் மேலே திரும்பியதில்லை. அக்காவுக்கு மாடிதான் பேர், மாடிதான் மரியாதை. மாடியை விட்டால் அவள் யார் என்று அவளுக்கே தெரியாது.

ஆகவே மறைத்தாள். மறைக்க உதவியது தள்ளுவண்டி. துண்டும் விரிப்பும் சோப்பும் அடுக்கிய அந்த வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டு நடந்தால் நடை நேராக வரும். அறைக்குள் கட்டில் விளிம்பு, மேசை, சுவர், குளியலறைக் கதவு. ஓட்டல் அறையில் எங்கே நின்றாலும் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஏதாவது ஒன்று இருக்கும். பணியாளர் கூட்டமா, முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, கடைசி ஆளாக எழுந்திருப்பாள். வண்டி இல்லாமல் அவள் பத்தடி நடந்து மூன்று வருஷமாய் அங்கே யாரும் பார்த்ததில்லை. பார்க்காதது யாருக்கும் உறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. இரண்டு அறை வீடு. அதில் அக்கா, அவள் தங்கை, தங்கையின் மகள். தங்கை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அதனால் பிள்ளைக்கு ஊட்டியதும் தலை வாரியதும் காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்ததும் பெரியம்மாதான். இரண்டு வயதில் அலமாரிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வாலு என்று பெயர். பதினாறு வயதாகியும் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா நேர் நடையையும் கழற்றிப் போட்டுவிடுவாள். விந்தி விந்தி நடப்பாள், முனகுவாள், இடுப்பை நாலு வார்த்தை கெட்ட வார்த்தையில் திட்டுவாள். அப்படி நடக்க அவளுக்கு உலகத்தில் அந்த ஒரு வீடுதான் இருந்தது.

வாலுவுக்கு அனிமேஷன் பைத்தியம். பள்ளியிலிருந்து இரவலாக வாங்கி வந்த டேப்லெட்டில் எந்நேரமும் எதையாவது வரைந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாக வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, ஒரு சின்ன உதவி. சமையலறைக் கதவுலேர்ந்து ஜன்னல் வரைக்கும் நடங்க. போன்ல எடுத்துக்கறேன்."

"எதுக்குடி?"

"வரையறதுக்கு. பாரமான ஒண்ணு நடந்தா எப்படி இருக்கும்னு பழகணும்."

"பாரமான ஒண்ணுன்னதும் உனக்கு என் ஞாபகம் வந்துதாக்கும்!"

"ஐயோ, வெறும் பயிற்சி பெரியம்மா. யாருக்கும் காட்டமாட்டேன். சத்தியமா. உங்க ஓட்டல் விஷயம் எனக்குத் தெரியாதா?"

தெரியும். வண்டி ரகசியம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கூடப் பிறந்தவளிடம்கூட அக்கா அவ்வளவு விவரமாய்ச் சொன்னதில்லை. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள். ஆள் பார்த்தால் நிமிர்கிற ஓட்டல் பழக்கம், கேமராவைக் கண்டதும் முதுகு நிமிர்ந்துகொண்டது.

"இது ஓட்டல் நடை," என்றாள் வாலு. "வீட்டு நடை நடங்க."

நடந்தாள். ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு என்று வாலு எடுத்துத் தள்ளினாள். பிறகு ஒரு மாலை டேப்லெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வெறும் கோடுகள்தான், முகம் இல்லை.

"ஒரு நொடிக்குப் பன்னண்டு படம் பெரியம்மா. உங்க இடது கால் தரையில எட்டுப் படம் நிக்குது. வலது கால் மூணே படம்தான், உடனே தூக்கிடறீங்க."

"மிச்சம் அஞ்சு எங்க போச்சு?"

"அந்த அஞ்சுதான் வலி."

அக்கா டேப்லெட்டை வாங்கி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று மருத்துவர் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தச் சுண்டைக்காய் எண்ணிச் சொல்லிவிட்டது. அவள் வலியை அத்தனை பொறுமையாக வேறு யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாலுவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பின்னால் நடந்தது தெரிந்து இதைச் சொல்லும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான மனுஷி அந்தத் தெருவில் இல்லை.

ஆறேழு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை பகல், வேலைக்கு நடுவில் வாசல் காவலர் மாடிக்கு ஓடி வந்தார்.

"அக்கா, இன்னைக்கு நம்ம ஹால்ல பள்ளிப் பிள்ளைங்க எடுத்த படமெல்லாம் போடறாங்களாம். உங்க வீட்டுப் பொண்ணு பேரும் போட்டிருக்கு!"

வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. திடீரென்று சொல்லி அசத்தப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அக்கா பூரித்துப்போனாள். வண்டியோடு லிஃப்டில் மாடி மாடியாகப் போய், "என் பொண்ணு படம், வாங்கடி, வராதவங்க என் மூஞ்சில முழிக்காதீங்க," என்று பத்துப் பணிப்பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். பணியாளர்களுக்குக் கடைசி இரண்டு வரிசை. வண்டியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து போய் உட்கார்ந்தாள். மேலாளர் முன்வரிசையில் இருந்தார்.

விளக்கு அணைந்தது. 'உட்காராத நாற்காலி' என்று எழுத்து வந்தது. ஒரு பெரிய ஓட்டலில் ஒரு மர நாற்காலி. கண் இல்லை, வாய் இல்லை, ஒரு கால் மட்டும் குட்டை. அது நீண்ட நடைக்கூடத்தில் நடந்து வரத் தொடங்கியது. அரங்கம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். இரண்டு எட்டு, மூன்று எட்டு. அவள் வலது இடுப்பு சுருக்கென்றது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. சாய்வு, இழுப்பு, திரும்பும்போது ஒரு கணம் நின்று மூச்சு வாங்குவது, எல்லாம் அவளுடையது.

அதற்குள் நாற்காலி ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் நடை நேரானது. எதிரே யாராவது வந்தால் வண்டியை இறுக்கிக்கொண்டு விறைப்பாகப் போனது. யாரும் இல்லாதபோது சுவரில் சாய்ந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். அப்புறம் அவர்களுக்கு முன்னால் இருந்த வரிசை. மூன்று வருஷமாக யாருக்கும் உறைக்காதது நாலு நிமிஷத்தில் எல்லோருக்கும் உறைத்தது. மேலாளர்கூட இருட்டில் கழுத்தை வளைத்துப் பின்னால் யாரையோ தேடினார். படத்தின் முடிவில் ஓட்டல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நாற்காலியைத் தூக்கிப்போய் வெயில் விழுகிற ஓரிடத்தில் வைக்கிறார்கள். நாற்காலி கடைசியாக உட்காருகிறது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

மேடையில் வாலு. கையில் மைக், முகமெல்லாம் பல்.

"இது என் பெரியம்மா கதை. அவங்க இங்கதான் வேலை பாக்கறாங்க. பெரியம்மா, மேடைக்கு வாங்க!"

கடைசி வரிசையிலிருந்து மேடை முப்பது எட்டு. நடுவில் வெறும் கம்பளம், பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு கிடையாது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் குழந்தை நானூறு பேருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூட இருந்தே குழி பறித்தவள்தான், இருந்தாலும் அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நிற்பதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. எழுந்தாள். நாலு எட்டு ஓட்டல் நடையாக வந்தது. ஐந்தாவதில் இடுப்பு கைவிட்டது. திரையில் பார்த்த நடை நேரில் வருகிறது என்று புரிந்ததும் கைதட்டல் இன்னும் பலமாய் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்குள்ளே அவள் விந்தி விந்தி மேடைவரை போனாள்.

திங்கட்கிழமை மேலாளர் தன் அறைக்கு அழைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஏன்க்கா சொல்லல? இத்தனை வலியோட மாடி பூரா... எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. இனிமே நீங்க நடக்கவே வேணாம். படத்துல வர்ற மாதிரியே நாங்க உங்கள உட்கார வைக்கப்போறோம். கீழ உங்களுக்குன்னு மெத்தை வச்ச நாற்காலி வாங்கிப் போட்டிருக்கேன்."

"எனக்கு மாடியிலயே முடியும் மேடம்."

"வேணாம்க்கா. பாத்தப்புறமும் உங்கள அங்க விட்டேன்னா நான் மனுஷியே இல்ல."

திட்டியிருந்தால் அக்கா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அழுகிறவளிடம் என்ன சண்டை போடுவது? அன்று மதியமே வண்டி வேறொருத்தி கைக்குப் போயிற்று. அடித்தளத்தில் விளக்கு வெளிச்சத்தில் தலையணை உறைகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள். வாரம் முடிவதற்குள் புதுப் பெயரும் வந்தது: நாற்காலியக்கா. எல்லோரும் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அதற்குக் கோபப்படவும் வழியில்லை.

வாலுவின் படத்துக்கு முதல் பரிசு. கோப்பை வீட்டு அலமாரியில் ஏறியது. பெரியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது மட்டும் அவளுக்கு விளங்கவேயில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே வந்து நின்றாள்.

"அவங்க உங்களுக்கு நல்லதுதான பண்ணியிருக்காங்க?"

"ஆமா. நீ எழுதின முடிவையே எனக்கும் போட்டுட்டாங்க."

"நான் உங்களுக்காகத்தான் அந்தப் படத்தையே எடுத்தேன் பெரியம்மா."

"என்னக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"அதுக்குத்தான்டி கேக்கறது."

"யாருக்கும் முகமே காட்டலையே. வெறும் நாற்காலிதான..."

"முகத்தைப் போட்டிருந்தா நான் இல்லன்னு சாதிச்சிருப்பேன். நீ நடையைப் போட்டுட்ட."

தங்கை உள்ளேயிருந்து, "சின்னப் பொண்ணுக்கா, தெரியாம பண்ணிட்டா," என்றாள். தெரியாமலா? எட்டு, மூன்று, ஐந்து என்று எண்ணி எண்ணித் தெரிந்துகொண்டு பண்ணியிருக்கிறாள். புருஷன் போனபோது அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஓட்டலில் இனி அவள் எப்படி நடந்தாலும் கவலையில்லை, ஊருக்கே தெரிந்துபோயிற்று. அடித்தளத்தில் இஷ்டத்துக்கு விந்தி நடக்கிறாள். வீட்டில்தான் முடியவில்லை. வந்ததும் வராததுமாக ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, வாலு தட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, எந்திரிச்சு வாங்க. சாப்பிடலாம்."

"நீ சாப்பிடு. அப்புறம் வரேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க." வாலு நகரவில்லை. போன் அறையில் கிடந்தது, கையில் ஒன்றும் இல்லை என்பது போல இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நான் இங்க இருக்கறதாலயா? நீங்க நடக்கறத நான் பாக்கக்கூடாதா?"

"பாத்தது போதும்மா."

வாலு விரித்த கைகளைக் கீழே போட்டாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு முழுக்கச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு அக்கா எழுந்தாள்.