வியாழக்கிழமை முத்திரை

தேர்தல் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்த அந்தப் பெண்ணை எல்லோரும் 'சீல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வரும் கடிதங்களைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, உரிய பிரிவுக்கு அனுப்புவது அவள் வேலை. பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். காலையில் முத்திரையின் தேதிச் சக்கரத்தைத் திருப்பியதும் வெற்றுத் தாளில் ஒருமுறை குத்திப் பார்ப்பாள். போதாததற்குப் பக்கத்து மேசை டைப்பிஸ்ட்டிடமும் கேட்பாள்.

"இன்னிக்குத் தேதி என்ன?"

"நேத்துக்கு அடுத்த தேதிதாங்க்கா," என்பாள் டைப்பிஸ்ட். அலுவலகச் செய்தி எல்லாம் அவள் வாய்வழியாக ஒலிபரப்பாவதால் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

அந்த வியாழக்கிழமை மதியம் சட்டசபை அலுவலகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு தபால்காரர் வந்தார். ஒரே ஒரு உறை. கிழக்குத் தொகுதி உறுப்பினர் மாரடைப்பில் இறந்துபோனதால் அவருடைய இடம் காலியாகிவிட்டது என்று உள்ளே நாலு வரிக் கடிதம். தபால்காரர் நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து சீல் அக்காவின் செல்பேசி அடித்தது. நாத்தனார்.

கிழக்குத் தொகுதியில்தான் நாத்தனார் வீடு. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று நாள் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவள். அந்தப் பிரிவை மூடிவிட்டு மெஷின்களைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோக ஒரு திட்டம் சபையில் காத்திருந்தது. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இறந்துபோன உறுப்பினர் ஒருவர்தான் கூடாது கூடாது என்று எழுந்து எழுந்து கத்திக்கொண்டிருந்தவர்.

"அண்ணி, இன்னிக்கு ரெண்டு தடவை வாந்தி. பயமா இருக்கு," என்றாள் நாத்தனார்.

"நர்ஸ்கிட்ட சொன்னியா? இரு, நான் சாயங்காலம் திரும்பக் கூப்பிடறேன்," என்று சொல்லிக்கொண்டே சீல் அக்கா நோட்டில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, கடிதத்தில் முத்திரை குத்தி, பதிவேட்டிலும் ஏற்றினாள்.

மறுநாள் சூப்பிரண்டு தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நேத்து ஒரு கடுதாசி வந்துச்சே, அது திங்கக்கிழமை வந்ததா இருக்கட்டும்மா."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே விளக்கினார். காலியிடக் கடிதம் அலுவலகத்துக்கு வந்து சேரும் நாளில் சபையின் ஆயுள் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். பொதுத்தேர்தல் வரை இடம் காலியாகவே கிடக்கலாம். அந்த ஒரு வருடக் கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

"மூணு நாள் வித்தியாசம். அதுக்காக ஊரையே கூட்டித் தேர்தல் வைக்கணுமா? மேலே இருக்கறவங்களுக்கு இஷ்டமில்ல. புதுப் பதிவேடு ஒண்ணு தர்றேன், இந்த வாரத்தை முதல்ல இருந்து எழுதிடுங்க. பழசுல தண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லிக்கலாம். கடுதாசிக்கு இன்னொரு பிரதி நான் வாங்கிக்கறேன். திங்கக்கிழமை காலைல பழைய பதிவேட்டோட என் அறைக்கு வந்துடுங்க."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, வேண்டாம் என்று ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இருக்கைக்கு வந்ததும்தான் இடி இறங்கியது. தபால்காரரின் நோட்டு! அதில் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டோமா, இல்லையா? எப்போதும் போடுவாள். ஆனால் நேற்று நாத்தனார் பேசிக்கொண்டிருந்தாளே. போட்டிருந்தால், பதிவேட்டை மாற்றிய மறுநிமிடம் மாட்டிக்கொள்வாள், சூப்பிரண்டு கைகழுவிவிடுவார். போடாவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. கண்ணை மூடி அந்த நோட்டின் பக்கத்தை நினைத்துப் பார்த்தாள். ஒருசமயம் தேதி தெரிந்தது, ஒருசமயம் தெரியவில்லை.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை காலை விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"மாத்திக் குடுத்துட்டுப் பேசாம இரு. உனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. அவன்கூட மோத முடியுமா?"

"உங்க தங்கச்சி ஆஸ்பத்திரி?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினார். சோற்றைப் பிசைந்தபடியே, "நான் சொன்னேன்னு எதையும் செய்யாதே. எனக்கும் ஒண்ணும் புரியல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்று தடவை வீட்டைப் பெருக்கினாள். துவைத்த துணியையே திரும்ப நனைத்துவைத்தாள். நாத்தனாரிடம் எதையும் சொல்லவில்லை. சாயங்காலம் போனில், "குரல் ஏன் இப்படி இருக்கு அண்ணி?" என்று அவள் கேட்டதற்கு, "ஜலதோஷம்," என்று சொல்லிவைத்தாள்.

திங்கட்கிழமை சூப்பிரண்டின் மேசையில் புதுப் பதிவேடு அட்டை மினுமினுக்கக் காத்திருந்தது. சீல் அக்கா வழியெல்லாம் பத்து வாக்கியம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். ஒன்றுகூட வாயில் வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் இந்தக் கட்டடத்தில் தினமும் காதில் விழுந்த ஒரு வாக்கியம் மட்டும் தானாக வந்தது.

"சார், எழுத்துமூலமா குடுத்துடுங்க. நான் மாத்திடறேன்."

"என்னது?"

"தேதியை மாத்தச் சொல்லி ஒரு வரி. உங்க கையெழுத்தோட."

அவருடைய முகம் சிவந்து, கறுத்து, பிறகு ஒரு நிறமும் இல்லாமல் ஆனது.

"என்கிட்டயே ரூல் பேசறீங்களா?"

"இல்ல சார். எனக்குப் பயமா இருக்கு. அதான் கேக்கறேன்."

அது பச்சை உண்மை. எழுத்தில் கொடுக்க அவருக்கும் பயம். பழைய பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கதவுக்கு வெளியே காது கொடுத்துக்கொண்டிருந்த ரேடியோ மதியத்துக்குள் அதை மூன்று மாடிக்கும் ஒலிபரப்பிவிட்டாள். அதன் பிறகு அந்தக் கடிதத்தை மறைப்பது யாராலும் ஆகாத காரியம்.

புதன்கிழமை அவளைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். கூடவே மேலதிகாரியை மதிக்கவில்லை என்று ஒரு மெமோ. அதன்மேல் நடந்த விசாரணையில், கடிதம் எந்த நாளில் வந்தது என்பதே சந்தேகம் என்று சூப்பிரண்டு சாட்சியம் சொன்னார். அதனால் தபால்காரரின் நோட்டை வரவழைத்தார்கள். விசாரணை அதிகாரி பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார்.

அவள் கையெழுத்து மட்டும் இருந்தது. தேதி இல்லை.

மாற்றியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று அந்த நொடியில் அவளுக்குப் பட்டது. இது முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தாள். வந்த பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்லவேளை, மேல் வரியிலும் கீழ் வரியிலும் வேறு அலுவலகத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைத் தேதியை எழுதியிருந்தார்கள். "நடுவுல இருக்கறது மட்டும் திங்கக்கிழமை ஆகாதே," என்று சொல்லி அதிகாரி நோட்டை மூடினார். மெமோவை ரத்து செய்தார்கள். கோப்பு அறையை விட்டு மட்டும் அவளை மேலே கூப்பிடவில்லை.

கடிதம் வந்த எண்பத்தைந்தாவது நாள் இடைத்தேர்தல் நடந்தது. கணவர் லீவு போட்டுத் தங்கையை வாக்குச்சாவடிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். நாத்தனார் யாருக்கு ஓட்டுப் போட்டாளோ அவர் தோற்றார். ஜெயித்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண்மணி. பதவியேற்ற பத்தாம் நாள் ஆஸ்பத்திரி விஷயத்தில் ஓட்டெடுப்பு நடந்தது.

கோப்பு அறையில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அன்று மதியம் சீல் அக்கா படியேறி வாசலுக்கு ஓடிவந்து நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, மூடல. வேன் ஓட்டுறவங்களும் மூடக்கூடாதுன்னுதான் ஓட்டுப் போட்டாங்க. ரெண்டு ஓட்டுல தப்பிச்சுது. ஆனா அடுத்த வருஷம் திரும்பக் கொண்டு வருவாங்களாம்."

"வரட்டும்," என்றாள் சீல் அக்கா. "நீ இன்னிக்கு ஏதாவது சாப்பிட்டியா?"