எட்டு, ஒன்பது, பத்தாவது கம்பங்கள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, விளக்குக் கம்பங்களை எண்ணியது. 1983 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறேகால். தில்லியில் லோதி ரோடு பக்கம், பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு இருந்த நர்சுகள் குவார்ட்டர்ஸ் வரை போகும் சந்து. அம்மா அடி வைத்து எண்ணினாள். நான் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிராஃப் தாளில் குறித்தேன்.

"எட்டு எரியல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"ஒம்பதும் எரியல. பத்தும்தான். நடுவுல எத்தன அடி வந்துது?"

"நீதானம்மா எண்ணுன."

"பேச்சு குடுத்துக் கெடுத்துட்டியேலே. வா, மொதல்ல இருந்து."

மறுபடி எண்ணினோம். மொத்தம் பதினொரு கம்பம். ஏழாவதற்கும் பதினொன்றாவதற்கும் நடுவே நூற்று இருபது மீட்டர் இருட்டு. நான் மின் பொறியாளன். அந்தச் சந்தில் பதினான்கு வருஷம் நடந்திருக்கிறேன். அந்த மூன்றும் எரிவதில்லை என்று அன்றுதான் கவனித்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

"ஒனக்கு எதுக்குலே தெரியணும்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை.

அம்மா பெயர் மார்கரெட். திருநெல்வேலிப் பக்கம் சாயர்புரத்துக்காரி. 1957-இல் ரயிலேறி வந்து தில்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்தாள். அப்போது வயது இருபத்தொன்று, ஹிந்தி தெரியாது. முதல் வருஷம் பஸ்ஸில் இடுப்பைத் தொட்டவனைத் தமிழில் வைதிருக்கிறாள். அவன் சிரித்தானாம். அதற்காகவே ஹிந்தி கற்றுக்கொண்டேன் என்பாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நேரில் பார்த்தேன். நெரிசலில் ஒருவன் கைவைத்தான். அம்மா அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோல் எல்லாரும் பார்க்க உயர்த்தினாள். "அண்ணே, இந்தக் கைக்கு என்ன தொந்தரவு? எத்தனை நாளா இருக்கு?" என்று ஹிந்தியில், வார்டில் கேட்கிற அதே குரலில் கேட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டியிருந்த சேலையை வாளியில் முக்கிவிட்டு வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

ஊர்ப் பக்கமிருந்து புதிதாக வரும் நர்சுப் பெண்களை ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவாள். பஸ்ஸில் எங்கே நிற்பது, டிபன் கேரியரை எந்தக் கையில் பிடிப்பது என்று முதல் வாரம் கூடவே போய்ச் சொல்லிக்கொடுப்பாள். விதி ஒன்று வைத்திருந்தாள்: இருட்டியபின் பஸ்ஸைவிட்டு இறங்கினால், மூன்று பேர் சேரும்வரை நிறுத்தத்திலேயே நிற்க வேண்டும். தனியாகச் சந்தில் நுழையக் கூடாது. இருபது வருஷம் அந்த விதி ஓடியது. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பது அவளுடைய பெருமை.

நாங்கள் கம்பம் எண்ணியதற்கு முந்தின மாதம், டிசம்பரில், தாயம்மாளுக்கு நேர்ந்தது. இருபத்திரண்டு வயது, வந்து நான்கு மாதம். கூட வரவேண்டிய இருவரை வார்டில் நிறுத்திக்கொண்டார்கள். பனி மூட்டத்தில் நிறுத்தத்தில் ஆளே இல்லை. தாயம்மாள் நாற்பது நிமிஷம் நின்றாள். ஸ்கூட்டரில் ஒருவன் இரண்டு தடவை கடந்து போனான். மூன்றாவது தடவை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தான். அவள் சந்துக்குள் நடந்தாள். எட்டாவது கம்பம் தாண்டியதும் பின்னாலிருந்து தோளைப் பிடித்தான். டிபன் கேரியரால் அவன் முகத்தில் அடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். ரவிக்கையின் கை கிழிந்திருந்தது.

அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். "ஏன் பிள்ள, அங்க அவ்வளவு நேரம் நின்ன?"

"நீங்கதானக்கா மூணு பேர் சேராம நடக்கக் கூடாதுன்னீங்க."

அம்மா கேரியரின் நெளிந்த மூடியை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தி நிமிர்த்தப் பார்த்தாள். அது நிமிரவில்லை.

தாயம்மாளின் அப்பா மாசிலாமணி கடிதம் போட்டார். சிஸ்டரை நம்பித்தான் பிள்ளையை அனுப்பினேன், ஜனவரிக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தார். தாயம்மாள் ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். மார்ச்சில் ஆரம்பம்.

"இப்பப் போனா திரும்ப விடமாட்டாங்க அக்கா. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீ செய்யல. நான் செஞ்சேன். ஒங்கள எல்லாம் காவல் காத்தேனே ஒழிய, அந்த விளக்க ஒருநாளும் அண்ணாந்து பாக்கல."

மாசிலாமணிக்கு எழுதினாள்: "நான் சொல்லிக்கொடுத்ததில்தான் தப்பு. நீங்கள் வரும்போது விளக்கு எரியும். இருட்டியபின் பஸ்ஸில் இறங்கி நீங்களே நடந்து பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்."

மின்சார அலுவலகத்தில் வாய்ச்சொல்லாகப் புகார் வாங்கவில்லை. கம்ப எண் கேட்டார்கள். கம்பங்களில் எண்கள் அழிந்துபோயிருந்தன. எண்ணப் போனது அதனால்தான்.

மனுவை நான் எழுதினேன். அடுத்தடுத்து மூன்று அணைந்திருப்பதால் கோளாறு ட்யூபில் இல்லை, கேபிளில் இருக்கும் என்று குறிப்பிட்டு, வரைபடம் சேர்த்தேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இதுல அந்தப் பிள்ளையப் பத்தி ஒண்ணுமே இல்லியே."

"கேபிள்னு எழுதினாத்தாம்மா ஆள் வருவான்."

"அச்சா. அது இருக்கட்டும். இதையும் ஒரு வரி போடு. பேர் வேண்டாம்."

போட்டேன்: இந்த வழியில் பெண்கள் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு ஓய்வுநாள். அன்று நேரில் போய்க் கொடுப்பதாக இருந்தாள். புதன்கிழமை காலை வார்டில் ஒரு நோயாளிக்குப் படுக்கை விரிப்பு மாற்றும்போது விழுந்தாள். மாரடைப்பு. வயது நாற்பத்தாறு.

அடக்கம் முடிந்த மறுநாள் தாயம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் கைப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பா இருபத்தஞ்சாம் தேதி வாராங்க, அண்ணே" என்றாள். வாசலில் நின்று சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பையில் பஸ் பாஸ், ஊக்குகள், சின்னப் புதிய ஏற்பாடு. அதற்குள் நான்காக மடித்த மனு. மேல் மடிப்பில் பென்சிலால் அம்மா எழுதியிருந்தாள்: "வியாழன் பத்து மணி. மனு வாங்கிக்கிட்டதுக்கு ஆபீஸ் முத்திரை வாங்காம வரக் கூடாது."