மணல் மூட்டைக்குப் பதிலாக

எங்கள் பழைய துரையின் மகன் பொய் எழுதியிருக்கிறார். துரை கட்டிய வாலில்லாத விமானம் விழுந்தபோது யாருக்கும் காயமில்லையாம்.

பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்ததும் புளித்த ரப்பர் பாலின் வாடை எனக்கு அடித்தது. கரவனெல்லைக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பட்டறையில் அது ஒரே பெரிய இறக்கையாகக் கிடந்தது. அதன் துணிக்கு ரப்பர் பால் பூசியது என் அம்மா.

அதைப் பறக்கவிட்ட அன்று, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடிந்ததும் எங்களையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆளுக்குப் பதிலாக வைக்க வேண்டிய மணல் மூட்டை மழையில் நனைந்து கனத்திருந்தது. வெள்ளைக்கார விருந்தாளிகள் காத்திருந்தார்கள். தச்சுவேலை செய்த என் அப்பாவை, ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் ஏற்றித் துரை எடை பார்த்தார்.

“சரியான எடை. ஏறு.”

“வால் இல்லாம எப்படிங்க தொரை திரும்பும்?” என்றார் அப்பா.

“மூட்டை கேள்வி கேக்குமாடா?” என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பாவோடு இறக்கையை மேட்டிலிருந்து தள்ளினார்கள். அது ரப்பர் மரங்களுக்குள் போய் விழுந்தது. அப்பா அங்கேயே செத்துப் போனார். அவர் முகத்தில் ஒட்டியிருந்த துணியை அம்மாதான் உரித்தெடுத்தாள்.

துரை மகன் அதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதட்டும்: அன்று அந்த இறக்கையில் இருந்தவர் யார்?