கடலுக்குள் போன தெருவுக்கு வழி

எண்ணூரை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வடக்கே கொசஸ்தலை ஆறு, கிழக்கே கடல், நடுவில் மேடே இல்லாத தட்டையான நிலம், அதன் மேல் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். காலையில் ஆற்றங்கரையில் நின்றால் அங்கிருந்து வரும் சுடுநீர் கலந்து தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைச் சாம்பல் படிவதற்குள் எடுத்துவிட வேண்டும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்குக் கடல்தான் பயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அது தெருத்தெருவாக ஏறி வந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு தெருக்கள் இருந்தன. முதலில் ஒன்று போனது, பிறகு மற்றதும் போனது. போனதை எங்கள் ஊர் ஜனம் ஒப்புக்கொள்ளவே இல்லை. "டீக்கடையாண்ட நில்லு", "ரேஷன் கடைய தாண்டி வா" என்று இல்லாத கடைகளைச் சொல்லியே வழி காட்டினார்கள். அம்மாவும் அப்படித்தான். கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடும். போன தெருக்களில் ஒன்றின் அடிபம்பு மட்டும் தண்ணீருக்குள் நின்றது. அலை வந்தால் அதன் கைப்பிடி தானாக ஏறி இறங்கும். யாரோ குடம் வைத்து அடிப்பது போலவே இருக்கும். அந்தப் பக்கம் நான் பார்க்கவே மாட்டேன்.

அக்காவுக்கு நாலைந்து வரன் தட்டிப்போன பிறகு பெரம்பூரிலிருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்கும் அவர் அப்பாவுக்கும் ரயில்வே பட்டறையில் வேலை. போட்டோவைப் பார்த்ததுமே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அம்மாதான் போனில் வழி சொன்னாள்: "டீக்கடையாண்ட திரும்பி, நேரா வந்துகினே இருங்க."

வழியில் அவர்கள் விசாரித்த ஊர்க்காரர்களும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் தேடிப் போனபோது, பட்டுப்புடவையும் பூத்தட்டுமாக, அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் குவியலின் மேல் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தண்ணீரை நோக்கிக் கையை நீட்டி, "யாரு தம்பி அங்க பம்பு அட்ச்சிகினு கீறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பாமலே அவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

வீட்டுக்குள் வந்த பிறகும் அவர் பஜ்ஜியைத் தொடவில்லை. ஒவ்வொரு அலைக்கும் தரை லேசாக அதிர்ந்தது, டம்ளரில் காப்பி நடுங்கியது. "தப்பா நெனச்சிக்காதீங்க. தல தீபாவளிக்குப் புள்ளைங்க இங்கதான வரணும். அப்போ இந்த வூடு இருக்குமா?" என்றார்.

"இருக்கும் சம்பந்தி" என்றார் அப்பா உடனே. அம்மாவும் வேகமாகத் தலையாட்டினாள்.

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இருக்காது."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. காரியம் கெட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ தல தீபாவளிய எங்க வூட்லயே வெச்சிக்கலாம். நீங்க அல்லாரும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் கடல் எங்கள் வாசற்படிக்கு வந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தீபாவளிக்குப் போகிறவர்கள் பலகாரத் தூக்கோடு போவார்கள். நாங்கள் டெம்போ வைத்து, பீரோவோடு போனோம்.