எலுமிச்சைக்குக் காவல்

கருமத்தம்பட்டித் தறிக்குடோனில் வேலை போய்விட்டதால் அவிநாசி நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பசியைத் தண்ணீரால் சமாளிக்கலாம் என்று ஒரு வீட்டு வாசலில் நின்றேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மா சொம்பை நீட்டினார். குடித்து மிஞ்சியதைப் பக்கத்திலிருந்த எலுமிச்சை மரத்தடியில் ஊற்றப் போனேன்.

"ஏனுங்க, ஊத்திப்போடாதீங்க!" என்று கத்தினார். "பூக்கோணும்னு தண்ணி விடாம மரத்தைக் காயப் போட்டிருக்குதுங்க. தண்ணி அதிகமாகி இது பூக்கறதே இல்லீங்க. இந்தத் தடவையும் காய்க்கலீன்னா, வெட்டிப்போட்டுக் காரு நிறுத்தோணும்ங்கறான் எம்பட பையன்."

மரம் செழிப்பாக நின்றது. மண்ணைத் தொட்டேன், ஈரம்.

"யாரோ ஊத்தியிருக்காங்களேம்மா?"

முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். "நாந்தானுங்க. எலை வாடுனா மனசு கேக்க மாட்டீங்குது. ஒரு சொம்புதானேன்னு ஊத்திப்போடறேன்."

"அப்ப உங்களுக்குத்தான் காவல் போடணும்."

"நீங்களே இருங்களே. சோறு போடறேன், கூலியும் தாரேன். தோட்ட வேலையும் கெடக்குது."

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். முதல் ஆளாக அவரே வந்தார், முந்தானைக்குள் சொம்புடன்.

"அம்மா..." என்றேன்.

"எனக்குக் குடிக்கறதுக்குங்க" என்று சொல்லி, மரத்தைப் பார்த்தபடியே முழுச் சொம்பையும் குடித்து முடித்தார்.